ஸலாலாவின் தங்கைக்கு ஒரு பெயர்

பிள்ளை பிறந்து இன்றோடு ஏழு நாள். ஆடு அறுத்தாயிற்று. நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்தாயிற்று. குறிஞ்சிப்பிட்டியில் பாதிப் பேருக்கு அழைப்பும் சொல்லியாயிற்று. பிள்ளையின் பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெயர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஷஃபீனாவின் வீட்டில் அதுதான் வழக்கம்.

போன கிழமை கொட்டும் மழையில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலில் இறங்கிய பத்தாவது நிமிடம் இந்தப் பெண் பிள்ளையைப் பெற்றவள்தான் ஷஃபீனா. கணவன் முஹ்ஸின் பக்கத்தில் இல்லை. எப்போது இருந்தான், அன்றைக்கு மட்டும் இருப்பதற்கு? மூத்தவன் பிறந்தபோது சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். நின்ற நகரத்தின் பெயரையே மகனுக்கு வைத்தான்: றியாத். அது பரவாயில்லை, ஊரில் இன்னும் இரண்டு றியாத் இருக்கிறார்கள். அடுத்தவள் பிறந்தபோது ஓமானில் ஸலாலா என்ற ஊரில் இருந்தான். மகள் ஸலாலா ஆனாள்.

"உங்கட வாப்பா பஸ்ஸில கண்டக்டரா? ஊர்ப் பேராக் கூப்பிடுறாரே" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஸலாலா அழுதுகொண்டு வந்த நாள் ஷஃபீனாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று போனில் சொன்னதற்கு முஹ்ஸின் விழுந்து விழுந்து சிரித்தான். அதுவும் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அவன் தோஹாவில். இரண்டு வருடமாக அங்கேதான் ஒரு களஞ்சியத்தில் வேலை. போன நோன்புக்கு லீவில் வந்து போனான். ஆகவே மூன்றாவது பிள்ளைக்கு என்ன பெயர் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாரையும்விட நிச்சயமாக இருந்தவள் ஜுனைதா. முஹ்ஸினின் மூத்த சகோதரி, அடுத்த வளவில் குடியிருப்பவள். தம்பி தும்மினால் இவள் இங்கே போர்த்திக்கொள்வாள். அவள் புத்தளத்தில் சொல்லிவைத்து, ரோஸ் நிற ஐசிங்கில் 'தோஹா' என்று எழுதிய கேக் ஒன்றை நேற்றே எடுப்பித்திருந்தாள்.

பெயர் காலை ஒன்பது மணிக்கு வந்தது. பிள்ளை பெற்றவளின் போனுக்கு அல்ல, ஜுனைதாவின் போனுக்கு.

"ராத்தா, புள்ளைக்குத் திரானா எண்டு வைங்க. திரானா. நல்லா இருக்குதானே? ஹஸ்ரத்துட்டயும் வாப்பாட்டயும் சொல்லிருங்க. ஆ, ஷஃபீனாட்டயும் சொல்லுங்க."

குரல் பதிவை ஜுனைதா குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினாள், பந்தலுக்குள் போட்டுக் காட்டினாள், கடைசியாகத்தான் ஷஃபீனாவின் அறைக்குள் வந்து போட்டுக் காட்டினாள். பிறகு வெளியே போய்ச் சாப்பாட்டு மேசையடியில் உட்கார்ந்து, கத்தியின் முனையால் கேக்கில் இருந்த 'தோஹா'வைச் சுரண்டத் தொடங்கினாள்.

"இது என்ன பேர் மச்சி?" என்று பின்னாலேயே வந்து கேட்டாள் ஷஃபீனா.

"அழகான பேர். சொல்லிப் பாரன், வாய்க்கே இனிக்குது."

"எங்க எடுத்த பேராம்?"

"அதெல்லாம் நான் கேக்கல்ல. புள்ளைட வாப்பா சொன்னாச் சரிதானே."

"புள்ளைட உம்மா எண்டு ஒருத்தியும் இருக்கிறன் மச்சி."

"இல்லையெண்டு ஆர் சொன்ன? போய்ப் புள்ளையக் குளிப்பாட்டு. ஆக்கள் வரப்போறாங்க."

ஷஃபீனா திரும்பி அறைக்குள் வந்தாள். கதவை அடித்துச் சாத்த ஆசையாக இருந்தது. பிள்ளை நித்திரை. மெதுவாகச் சாத்தினாள். கோபத்தைக்கூட ஆசைப்படி காட்ட முடியாத வீடு.

அறைக்குள் ஆதிலா பிள்ளையின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். ஷஃபீனாவின் தங்கை. முந்தல் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், லீவு போட்டு வந்திருந்தாள்.

"இந்த முறையும் விட்டுட்டீங்களா ராத்தா?"

"என்ன செய்யச் சொல்லுறாய்? வயிறும் நோவும் எனக்கு, பேர் மட்டும் போனில வருது. மூத்தவனுக்குக் கேட்டன். 'அடுத்த முறை உன்ட விருப்பம்' எண்டார். அடுத்த முறை கேட்டன். 'பொம்புளப் புள்ளைக்கு வாப்பாதான் வைக்கணும்' எண்டார். இப்ப கேக்கவே இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் நொந்து போச்சு."

"நீங்க வைக்க நினைச்ச பேர்?"

"ஃபஹ்மியா" என்றாள் ஷஃபீனா. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த பெயர் அது. இதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஆதிலா அவளைத் தேற்ற நினைத்தாள். "ஊர்ப் பேர் வைக்கிறது உலகத்தில எல்லாரும் செய்றதுதான் ராத்தா. எங்கட பள்ளிக்கூடத்தில றொபின்சன் எண்டவர்ட மகள் ஒண்டு படிக்குது. பேர் வெரோனா. இத்தாலியில உள்ள ஊராம்."

"அந்தப் புள்ள எங்க பிறந்த?"

"அங்கதான். வெரோனாவிலயே. உம்மாவும் வாப்பாவும் அங்க வேலை செய்யக்குள்ள."

"அப்ப அது சரி. அந்தப் புள்ளைக்கு அது பிறந்த ஊர். என்ட புள்ளைகளுக்கு அது என்ன ஊர் சொல்லு? வாப்பா இல்லாமப் போன ஊர். றியாதே எண்டு கூப்பிடுற நேரமெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வருது. நான் தனிய. ஸலாலா எண்டு கூப்பிட்டாலும் அதேதான். ஒரு புள்ளையாவது எனக்கு அப்பிடி இல்லாமக் கூப்பிட வேணும்."

ஆதிலா மடித்த உடுப்பையே மறுபடி மடித்தாள். ஒன்பது வருடத்து ஆத்திரம். எழுதுகிற எனக்கே அதற்குப் பதில் வரவில்லை.

பதினொரு மணிக்கு எத்தாளைப் பள்ளிவாசலிலிருந்து, பிள்ளையின் காதில் பெயர் சொல்ல, ஹஸ்ரத் வந்து விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். முடி இறக்குகிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு தயாராக நின்றார். முஹ்ஸினின் தந்தை நெய்னார், புதுச் சாரமும் தொப்பியுமாக, சோறு அவிகிற பக்கத்துக்கும் விறாந்தைக்கும் நடையாய் நடந்தார்.

நெய்னாரைப் பற்றி வாசகருக்குச் சொல்லவேண்டும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து, இந்தக் கரையில் மறுபடி தோணி வாங்கி, தொழில் செய்து நிமிர்ந்தவர். மூத்த மகனைக் கடல் கொண்டுபோன மறுநாள் தோணியை விற்றார். அப்போது முஹ்ஸினுக்குப் பதினாறு வயது. "நீ எங்க வேணுமெண்டாலும் போ மகன். கடலுக்கு மட்டும் போகாத" என்றார். முஹ்ஸின் சவூதிக்குப் போனது அப்படித்தான்.

"ளுஹர் தொழுகைக்கு முந்தி நான் போகவேணும். புள்ளைட பேரைச் சொல்லுங்க" என்றார் ஹஸ்ரத்.

"திரானா" என்று நெய்னார் பெருமையோடு சொன்னார்.

ஹஸ்ரத் தாடியைத் தடவினார். "என்ன அர்த்தம்?"

"அது அரபுதானே. உங்களுக்குத் தெரியாததா?"

"அரபில இப்பிடி ஒரு சொல் நான் படிச்சதில்ல, நெய்னார் நானா."

"மகன் அரபு நாட்டில இருக்கிறான். வேற என்ன பாஷையில பேர் எடுக்கப் போறான்?"

"இருக்கலாம். ஆனா அர்த்தம் தெரியாத பேரைப் புள்ளைட காதில நான் எப்பிடிச் சொல்லுற? கெட்ட அர்த்தமா இருந்தா நாளைக்கு எனக்கல்லவா பழி? மகன்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் இருக்கிறன்."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆதிலா அங்கேயே தன் போனில் தேடினாள். பிறகு ராத்தாவின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தாள்.

"ராத்தா, இது அரபும் இல்ல ஒண்டும் இல்ல. இதுவும் ஊர்தான். அல்பேனியா எண்ட நாட்டுத் தலைநகரம்."

"எங்க இருக்கு அது?"

"ஐரோப்பாவில."

ஷஃபீனாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அரபு நாடெல்லாம் முடித்துவிட்டு இப்போது ஐரோப்பாவுக்குப் பேர் தேடப் போய்விட்டாராக்கும் என்று நினைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது.

முஹ்ஸின் தேசப்படத்தைப் பார்த்துப் பேர் பொறுக்குகிற ஆள் இல்லை. தான் நிற்கிற ஊரைத் தவிர வேறு ஊரின் பெயர் அவன் வாயில் வராது. லீவில் வந்து நின்ற ஒரு மாதமும் தோஹா, தோஹா என்றுதான் கதைத்தான். தோஹாவில் இருக்கிறவன் தோஹா என்றல்லவா வைத்திருப்பான்? கேக் செய்த கடைக்காரருக்கே அது தெரிந்திருந்ததே.

ஒன்றரை மாதமாக வீடியோவில் முகம் காட்டவில்லை. கமெரா உடைந்துவிட்டது என்றான். பிள்ளை பிறந்த அன்றும் குரல்தான். இருமிக்கொண்டே கதைத்தான். ஏஸி அறையில் வேலை, தடிமன் பிடித்துவிட்டது என்றான். அவளும் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். தன்னை நினைக்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆதிலா, நீ வெளிய நில். ஒருத்தரையும் உள்ளுக்கு விடாத."

அழைப்பு போனது. நான்காவது மணியில் எடுத்தான்.

"சொல்லு ஷஃபீனா. பேர் வெச்சாச்சா?"

"திரானாவில குளிரா?"

 அந்தப் பக்கம் ஏதோ வாகனம் கடந்து போவது கேட்டது.

"ஆர் உனக்குச் சொன்ன?"

"நீங்கதான் சொன்னீங்க. காலையில ஊருக்கே சொன்னீங்க."

"கத்தாமக் கேளு ஷஃபீனா."

"நான் கத்தல்ல. விறாந்தையில ஹஸ்ரத் இருக்கிறார். நான் எப்பிடிக் கத்துற?"

முஹ்ஸின் சொன்னான். தோஹாவில் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் நிறுத்திவிட்டார்கள். அது நடந்து மூன்று மாதம். வெறுங்கையோடு ஊருக்கு வர மனம் வரவில்லை. ஐரோப்பாவில் வேலை இருக்கிறது என்று ஒருவர் கூட்டி வந்தார். கூட்டி வந்தவர் இப்போது போன் எடுப்பதில்லை. ஒரே அறையில் ஒன்பது பேர் படுக்கிறார்கள்.

"அப்ப ஊருக்கு வாங்க. இண்டைக்கே வாங்க."

"வந்து என்ன செய்ற? இங்க இருந்து இத்தாலி பக்கம்தான் ஷஃபீனா. அங்க போய்ட்டா எல்லாம் சரி."

"பக்கம் எண்டா? பஸ்ஸா போகுது?"

அவன் இருமினான்.

"கடலாலயா?"

"பெரிய போட். கொஞ்ச மணித்தியாலப் பயணம்தான். எல்லாரும் போறாங்க."

வெளியே நெய்னார் சோற்றுக்காரரிடம் ஏதோ பகிடி சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஷஃபீனா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மனிதனோடு எங்கே தொடங்கி எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாருக்கும் பொய் சொன்னீங்க. அப்ப அந்தப் பேரை ஏன் அனுப்பினீங்க? தோஹா எண்டு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"மத்த ரெண்டுக்கும் நான் நிண்ட ஊர்தானே வெச்சன். இவள் பிறக்கக்குள்ள நான் தோஹாவில இல்லையே. புள்ளைட பேரில பொய் சொல்ல எனக்கு மனம் வரல்ல."

"எனக்குச் சொல்ல மட்டும் மனம் வந்திச்சா?"

 அவன் குரல் இறங்கியது. "சரி, நீ விரும்பின பேரை வை. என்னவோ ஒண்டு சொல்லுவாயே, ஃபஹ்மியா. அதையே வை. நான் ஒண்டும் சொல்லமாட்டன். ராத்தாவையும் நான் பாத்துக்கொள்றன். வாப்பாட்ட மட்டும் சொல்லாத. போய்ச் சேந்த பிறகு நானே சொல்லுறன்."

"எப்ப போறீங்க?"

"தெரியா. கூப்பிட்ட உடனே வெளிக்கிட வேணும்."

"போகாதீங்க. கேக்குதா? போகாதீங்க."

அழைப்பு அறுந்துவிட்டது. அவன் அறுத்தானா, தானாக அறுந்ததா, அதுவும் தெரியவில்லை.

ஒன்பது வருடம் கெஞ்சியும் கிடைக்காத பெயர் இப்போது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கூலியாக. சந்தோஷப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று ஷஃபீனாவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரம் இல்லை. விறாந்தையில் ஹஸ்ரத் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

முகத்தைக் கழுவினாள். சனம் சாப்பிட்டுப் போகட்டும், பின்னேரம் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தாள். அவரிடம் மறைப்பதில்லை. ஆனால் இத்தனை பேருக்கு நடுவில் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரைச்சீலை வரை வந்தாள்.

"மாமா, பேர் ஃபஹ்மியா எண்டு சொல்லுங்க."

நெய்னார் திரும்பிப் பார்த்தார். "மகன் சொன்னது வேறயே புள்ள?"

"இப்ப அவரோட கதைச்சிட்டுத்தான் வாறன் மாமா. சரியெண்டுட்டார்."

"ஃபஹ்மியா" என்று ஹஸ்ரத் முகம் மலர்ந்தார். "விளக்கம் உள்ளவள். அருமையான பேர். கொண்டாங்க புள்ளைய."

நெய்னார் பேத்தியை வாங்கி அவர் மடியில் வைத்தார். ஹஸ்ரத் குனிந்து, பிள்ளையின் காதருகே மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார். பிள்ளை கண்ணைத் திறந்து, ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி மூடியது. முடி இறக்குகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரே ஒரு நிமிடம், ஷஃபீனாவின் நெஞ்சு நிறைந்தது.

அந்த நிமிடத்தில்தான் ஜுனைதா குசினியிலிருந்து வந்தாள்.

"என்ன பேர் சொன்ன இப்ப? திரானா எங்க?"

"மாத்திட்டாங்களாம்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"ஆர் மாத்தின? தம்பிட வாயால வந்த பேரை மாத்த இவ ஆர்?"

"மச்சி, பிறகு கதைப்பம்" என்றாள் ஷஃபீனா.

"ஏன் பிறகு? இப்பவே கதைப்பம். எல்லாரும் கேக்கட்டும்." ஜுனைதாவின் குரல் விறாந்தையைத் தாண்டிப் பந்தலுக்குப் போனது. "ஒரு பேர் கேட்டான். புள்ளையப் பாக்கவும் குடுத்துவைக்கல்ல, மடியில வைக்கவும் குடுத்துவைக்கல்ல. ஒரு பேர்தானே கேட்டான்? உங்களுக்காகத்தானே அந்த தோஹாவில கிடந்து சாகிறான்? நேரத்துக்குச் சோறு இல்ல, நித்திரை இல்ல. இவவுக்கு இங்க ஏழு நாளும் கோழிச் சூப்பு. அவனுக்கு ஒரு மரியாதையும் இல்லையா இந்த வீட்டில?"

"ஜுனைதா, வாய மூடு" என்றார் நெய்னார்.

"நான் மூடமாட்டன் வாப்பா. தம்பி போன் எடுக்கட்டும். நான் கேக்கிறன். புருசன் தோஹாவில இருக்கக்குள்ள அவன் சொன்ன பேரைக் குப்பையில போடுறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கவேணும்!"

பந்தலில் கதை நின்றுவிட்டது. ஹஸ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை கண்ணும் திரைச்சீலைப் பக்கம். ஆதிலா பின்னாலிருந்து, "வேணாம் ராத்தா, உள்ளுக்கு வாங்க" என்று கையைப் பிடித்தாள்.

பின்னேரம் சொல்லலாம் என்று எடுத்த தீர்மானம் எங்கே போனது என்று ஷஃபீனாவுக்கே தெரியாது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். இந்த வீட்டில் ஆண்கள் இருக்கிற இடத்துக்கு அவள் அப்படி வந்து நின்றதே இல்லை.

"திரானா புள்ளைட பேர் இல்ல மச்சி. உங்கட தம்பி இப்ப நிக்கிற ஊர்ட பேர். அவர் தோஹாவ விட்டு மூணு மாசம்."

ஜுனைதாவின் வாய் திறந்தபடியே நின்றது.  முடி இறக்குகிறவர் கத்தியைப் பிள்ளையின் தலையிலிருந்து மெல்ல எடுத்தார்.

நெய்னார் ஷஃபீனாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை.

"எங்க இருக்கு அந்த ஊர்?"

"ஐரோப்பாவில மாமா."

"அங்க என்ன செய்றான்?"

"இத்தாலிக்குப் போக நிக்கிறார்."

"எதால?"

ஷஃபீனா அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இந்தக் குடும்பத்தில் பொய் சொன்னது போதும் என்று பட்டது.

"கடலால மாமா."

நெய்னார் கையை நீட்டினார். ஷஃபீனா தன் போனைக் கொடுத்தாள். மகனின் எண்ணை அவரே தேடி எடுத்து, காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு போனை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"போகுதில்ல புள்ள" என்றார். "போனை நிப்பாட்டிட்டான்."